முகட்டை அடைத்துவிட்டு வெக்கை என்கிறீர்கள்

பங்குனி பாதி கடந்ததும் எனக்கு வரும் அழைப்புகள் மாறிவிடும். மாரியில் "ஒழுகுது" என்று கூப்பிட்டவர்களே இப்போது "இரவிலை படுக்கேலாமல் கிடக்கு" என்று கூப்பிடுவார்கள். வீட்டு வரைபடம் கீறிக் கொடுப்பதும் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்வதும்தான் என் தொழில், ஆகவே வெக்கை முறைப்பாடு எனக்குப் புதிதல்ல. ஆனால் கொஞ்சக் காலமாக ஒரே பிழையை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். போன கிழமை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பார்த்த வீட்டோடு பொறுமை போய்விட்டது.

நல்ல ஓட்டு வீடு அது. உயரமான சுவர், முன்னும் பின்னும் விறாந்தை, இரண்டு பக்க முகட்டுச் சுவரிலும் பூக்கல் வைத்துக் கட்டிய காற்றுத் துவாரங்கள். வயதான தாயும் தகப்பனும் மட்டும் இருக்கிறார்கள். லண்டனில் இருந்து லீவில் வந்த மகன், மரநாய் வருகிறது, தூசி கொட்டுகிறது என்று மேசனைப் பிடித்துப் பூக்கல்லை எல்லாம் சீமெந்தால் பூசி, தாழ்வாரத்து இடைவெளிகளுக்கு நுரை அடித்து அடைத்து, கீழே புதுச் சீலிங்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. அம்மா சொன்னது இது: "தம்பி, முந்தி ஃபேன் இல்லாமலும் இஞ்சை படுத்தனாங்கள். இப்ப ஃபேன் போட்டால் நெருப்புக் காத்துத்தான் வருது." மகனோடு தொலைபேசியில் கதைத்தேன். அவர் கேட்ட கேள்வி: "அண்ணை, லண்டன்ல எங்கட வீட்டிலயும் இப்படித்தான் எல்லா இடைவெளியையும் அடைச்சனான், பெரிய வித்தியாசம் தெரிஞ்சது. ஓட்டை இல்லாட்டி வெக்கை எப்படி உள்ளுக்கு வரும்?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. அவர் பெற்றோரில் அக்கறை இல்லாமல் செய்யவில்லை, காசும் கொட்டித்தான் செய்திருக்கிறார். அங்கே சரியாக இருந்த ஒன்றை இங்கே அப்படியே கொண்டுவந்துவிட்டார், அதுதான் பிரச்சினை.

வெக்கை ஓட்டையால் வருவதில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், ஆவணிக் கடைசியில், அதாவது ஓகஸ்ட் மாத முடிவில், இன்னொரு தடவை நிற்கும். உச்சியில் நிற்கும் வெயில் சுவரில் படாது, யன்னலில் படாது, முழுக்கக் கூரையில்தான் படும். அப்போது ஓடு சுடுகிறது, ஓட்டுக்குக் கீழே உள்ள காற்றும் சுடுகிறது. வெளியே நிழலில் 34 பாகை செல்சியஸ் இருக்கும் நாளில் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் அடைபட்ட காற்று 45 பாகையைத் தாண்டுவது சாதாரணம். இப்போது சொல்லுங்கள், 45 பாகை உள்ள இடத்துக்கும் 34 பாகை உள்ள இடத்துக்கும் நடுவில் ஒரு துவாரம் இருந்தால் வெக்கை எந்தப் பக்கம் போகும்? வெளியேதான் போகும். உள்ளே வருவது வெளிக்காற்று, அது உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தது. அந்தத் துவாரம் வெக்கையின் வாசல்தான், ஆனால் போகும் வாசல். குசினிப் புகைக்கூட்டால் காக்கை வருகிறது என்று அதைப் பூசி மெழுகிவிட்டு அடுப்பு மூட்டுகிற வேலையைத்தான் இத்தனை பேர் கூரையில் செய்திருக்கிறார்கள்.

"சீலிங் போட்டாச்சே, அது மறைக்குமே" என்பார்கள். மெல்லிய சீலிங் தகடு எதையும் மறைக்காது, கொஞ்ச நேரத்தில் தானே சூடாகிவிடும். சூடான எந்தப் பரப்பும் தனக்கு எதிரே இருப்பதற்குச் சூட்டைக் கதிராக அனுப்பும், இடையில் காற்று தேவையில்லை, ஓட்டை தேவையில்லை. முன்பு இருபதடி உயரத்தில் இருந்த ஓட்டின் சூடு இப்போது பத்தடியில் தலைக்கு மேல் நிற்கிறது. ஃபேன் அந்தச் சீலிங்கை ஒட்டிய காற்றைக் கீழே தள்ளுகிறது, அம்மா சொன்ன நெருப்புக் காற்று அதுதான். ஃபேன் காற்றைக் குளிராக்கும் கருவி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உங்கள் தோலில் உள்ள வியர்வையை உலர்த்தித்தான் குளிர்ச்சி தருகிறது, அறையின் வெப்பநிலையை ஒரு பாகைகூடக் குறைக்காது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடவிட்டு "அறையைக் குளிராக்குகிறேன்" என்பவர்கள் மின்சாரக் கட்டணத்தைத்தான் கூட்டுகிறார்கள்.

லண்டன் வீட்டுக் கதைக்கு வருவோம், ஏனென்றால் அங்கே இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள். அங்கே முதலாம் உலகப் போருக்கு முன் கட்டிய வரிசை வீடுகளில் பெரும்பாலும் கீழ்த்தளம் மரம். மண்ணுக்கு மேலே இடைவெளி விட்டு, மரச் சட்டங்களின் மேல் பலகை அடித்திருப்பார்கள். வெளிச்சுவரின் அடியில் துளையுள்ள கற்கள் வைத்து, அந்த இடைவெளிக்குள் காற்று ஓட விட்டிருப்பார்கள். மார்கழி, தையில் அந்தக் குளிர்காற்று பலகை இடுக்காலும் சுவரோரப் பலகைக்கு அடியாலும் அறைக்குள் ஏறும், ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய காற்று மேலால் தப்பிப் போகும். அங்கே இடுக்கை அடைப்பது சரி, மிகச் சரி. பலகைகளுக்கு நடுவே மெல்லிய மரச்சீவல் ஒட்டி இறுக்கலாம், சுவரோரப் பலகையின் அடியை வளையக்கூடிய பூச்சால் மூடலாம், முடிந்தால் பலகையைக் கழற்றி, சட்டங்களுக்கு இடையில் வலை கட்டி 100 மில்லிமீற்றருக்குக் குறையாமல் கல்பஞ்சு (கல்லை உருக்கி இழையாக்கிய, சூட்டை மறிக்கும் பஞ்சு) நிரப்பலாம், அதற்கு மேலே பலகையை ஒட்டிக் காற்றை மறிக்கும் தாளும் விரிக்கலாம்.

ஆனால் அங்கேயும் வெளிச்சுவரின் துளைக்கல்லை அடைக்கக் கூடாது. இதை அங்குள்ள நம்மவர்களுக்குக் கெஞ்சிச் சொல்கிறேன். குளிர்காற்று அதால்தான் வருகிறது என்று கந்தைத் துணியையும் நுரையையும் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணிலிருந்து எழும் ஈரம் போக வழியில்லாமல் சட்டங்களில் ஏறும். மரத்தின் ஈரம் 20 வீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணம் பிடித்து உக்கத் தொடங்கும், கம்பளத்துக்கு அடியில் நடப்பது சில வருடம் உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. அறைக்குள் வரும் காற்றை அறைத் தரையில் மறியுங்கள், தரைக்கு அடியில் ஓடும் காற்றை ஓட விடுங்கள். வாயு அடுப்போ நெருப்பு மூட்டும் இடமோ உள்ள அறையில் எந்தத் துவாரத்தை அடைப்பதென்றாலும் முதலில் தகுதியுள்ள ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆக, அங்கே சூட்டை உள்ளே வைத்திருக்க வேண்டும், இங்கே வெளியே அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

எங்கள் பழைய நாற்சார் வீடுகளைப் பற்றிக் கதைத்தால் பழம்பெருமை பேசுகிறேன் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடு முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது, இரவில் சூடு அதால் மேலே போனது. கிடுகும் பனையோலையும் தடிப்பாக வேய்ந்திருந்தன, அதற்குள் சிக்கிய காற்றே சூட்டைத் தடுத்தது. பீலி ஓட்டின் இடுக்கெல்லாம் மூச்சு விட்டன. வீட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும்போது அது வேலிக்குள்ளால் நுழைந்து விறாந்தை வரை வந்தது. இப்போது வேலியை வெட்டி எறிந்துவிட்டு ஏழடி மதில் கட்டுகிறோம், முற்றம் முழுக்க இன்ரலொக் கல் பதிக்கிறோம், மாமரம் குப்பை போடுகிறது என்று தறிக்கிறோம், பிறகு காற்றே இல்லை என்கிறோம். பாதுகாப்புக்கு மதில் வேண்டுமென்றால் கட்டுங்கள், ஆனால் தென்மேற்குப் பக்கத்திலாவது மேல் பாதியைப் பூக்கல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் அந்தப் பக்கத்தால்தான் வரும். அது உள்ளே வந்தால் போதாது, எதிர்ச் சுவரில் வெளியே போகவும் யன்னல் வேண்டும். ஒற்றைச் சுவரில் மூன்று யன்னல் வைத்த அறையை விட, எதிரெதிரே ஒவ்வொன்று வைத்த அறை நல்லது.

அடுத்தது கொங்கிறீட் கூரை. இதுதான் இப்போதைய நாகரிகம், இதில்தான் மிக மோசமான இரவுகளைப் பார்க்கிறேன். ஓடு சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். ஐந்து அங்குலக் கொங்கிறீட் அப்படியல்ல. நண்பகல் வெயிலில் மேற்பரப்பு 60 பாகை வரை போகும், அந்தச் சூடு கீழ்ப்பக்கம் வந்து சேர மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். ஆகவே பின்னேரம் ஐந்து ஆறு மணிக்கு, வெளியே காற்றுக் குளிரத் தொடங்கும் நேரத்தில்தான் உங்கள் அறையின் கூரை உச்சச் சூட்டுக்கு வருகிறது, நடுச்சாமம் வரை விடாது. "பகலிலை பரவாயில்லை, இரவிலைதான் இருக்கேலாது" என்று யாராவது சொன்னாலே அது கொங்கிறீட் வீடு என்று எனக்குத் தெரிந்துவிடும். தடிப்பாகப் போட்டால் சூடு வராது என்று சில மேசன்மார் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். ஒரு அங்குல ரெஜிபோம் (பொருட்களைப் பொதி செய்ய வரும் வெள்ளை நுரைத் தகடு) தடுக்கும் அளவு சூட்டைத் தடுக்க ஏறத்தாழ நாற்பது அங்குலக் கொங்கிறீட் வேண்டும். தடிப்பைக் கூட்டினால் சூடு வரும் நேரம்தான் பிந்தும், உங்கள் நித்திரை நேரத்துக்குச் சரியாக வந்து சேரும்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. முதலாவது வெள்ளை. மேற்பரப்பைக் கழுவிக் காயவிட்டு, வெளிப்புறத்துக்கென்று வரும் வெள்ளைப் பூச்சை அடியுங்கள், காசில்லையென்றால் சுண்ணாம்பாவது அடியுங்கள், ஆனால் சுண்ணாம்பை ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் புதுப்பிக்க வேண்டும். சுத்தமான வெள்ளை, விழும் வெயிலில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பாசி பிடித்துக் கறுத்த வெள்ளை அனுப்பாது. கூரைக்குக் கடும் சிவப்பும் பச்சையும் தேடுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன், மொட்டை மாடியின் நிறத்தை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாவது நிழல். ஒழுக்குக்காகக் கொங்கிறீட்டின் மேலே தகரக் கொட்டகை போடுபவர்கள் தெரியாமலே நல்ல காரியம் செய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றடியாவது இடைவெளி விடுங்கள், நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும், காற்று ஊடே போகட்டும். அதைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்கினால் பழைய கதைதான்.

பின்னேரம் மாடியில் தண்ணீர் விட்டு நனைக்கிறோம் என்கிறார்கள். அன்றைக்குக் குளிரும், மறுக்கவில்லை. ஆனால் வற்றாத ஆறு இல்லாத ஊரில், சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைத்தண்ணீரையே கிணற்றால் இறைத்துக் குடிக்கும் ஊரில், கோடை முழுக்கக் கூரைக்குத் தண்ணீர் ஊற்றுவதை என்னால் ஆதரிக்க முடியாது. பள்ளமான மூலையில் தேங்கினால் டெங்கு நுளம்புக்கும் அதுவே வீடு.

வெள்ளித் தாள் போல வரும் தடுப்பு, அதைக் கடையில் பொயில் என்பார்கள், அதில் நடக்கும் பிழையையும் சொல்லிவிடுகிறேன். அது தன் பளபளப்பால்தான் வேலை செய்கிறது, பளபளப்பு வேலை செய்ய முன்னால் காற்றிடைவெளி வேண்டும். தகரத்தோடு ஒட்டிப் போட்டு, அதன் கீழே பலகையையும் ஒட்டி அடித்தால் அது வெறும் அலுமினியத் தகடு, சூட்டைக் கடத்திக்கொண்டே இருக்கும். ஒரு அங்குலமாவது இடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் கீழே பார்க்கப் போடுங்கள். மேலே பார்க்கப் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் எங்கள் தூசியில் ஒரு வருடத்தில் மங்கிவிடும். கிழிந்த இடத்தில் மின்வயர் படாமல் பாருங்கள், அலுமினியம் மின்சாரத்தையும் கடத்தும். ரெஜிபோம் வைப்பவர்கள் அதை வெறுமனே விடாதீர்கள், அது சீக்கிரம் தீப்பிடித்து நச்சுப் புகை விடும், சீலிங் தகட்டுக்கு மேலேயோ சீமெந்துப் பூச்சுக்குக் கீழேயோ மறைந்திருக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் சீற் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. காற்றுப் போகட்டும் என்று அந்தச் சீற்றில் துளை போடாதீர்கள், வெட்டாதீர்கள், கம்பித் தூரிகையால் உரஞ்சிப் பாசி எடுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல வருடங்களுக்குப் பிறகு நோயாக வரும், புற்றுநோயாகவும் வரும். உடையாமல் கிடக்கும் சீற்றை ஈரமாக்கி மெதுவாகக் கழுவி வெள்ளை அடிக்கலாம். காற்று வழியைச் சுவரில் திறவுங்கள். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் வளவுக்குள் போட்டு நிலம் நிரவுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஏசி போட்டால் எல்லாம் முடிந்தது என்பவர்களுக்கும் கூரைதான் முதல். சூடான கூரையின் கீழ் ஏசி, இரவு முழுக்க அந்தக் கொங்கிறீட்டோடுதான் போராடுகிறது. ஏசி அறையில் கதவடி, யன்னல் இடுக்கு எல்லாவற்றையும் அடைக்கத்தான் வேண்டும், சரி, ஆனால் அது அறை மட்டத்தில். சீலிங்குக்கு மேலே உள்ள முகட்டுத் துவாரம் திறந்தே இருக்க வேண்டும். இன்னொன்று, மின்வெட்டு நேரம் அப்படி அடைத்த அறைக்குப் பக்கத்திலோ விறாந்தையிலோ ஜெனரேற்றரை ஓட விடாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

மரநாயும் வௌவாலும் அணிலும் வருகின்றன என்பது உண்மையான பிரச்சினை, அதைச் சொல்லி யாரையும் நான் குறை சொல்லவில்லை. அதற்குச் சீமெந்து தேவையில்லை, வலை போதும். அரை அங்குலக் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலையைச் சட்டத்தில் அடித்துத் துவாரத்தின் உட்பக்கமாகப் பொருத்துங்கள். மெல்லிய பிளாஸ்டிக் நுளம்பு வலையை மட்டும் போட்டால் மரநாய் ஒரே இரவில் கிழித்துவிடும், தூசியும் அடைத்துக்கொள்ளும். அடைக்கும் முன் உள்ளே குட்டிகள் இல்லை என்று பார்த்துவிட்டு அடையுங்கள். இரண்டு முகட்டிலும் துவாரம் இருக்க வேண்டும், தாழ்வாரத்துப் பக்கம் கீழேயும் இடைவெளி இருக்க வேண்டும், கீழால் வந்து மேலால் போனால்தான் ஓட்டம். உங்கள் வீட்டில் எப்படி என்று பார்க்க என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. நல்ல வெயில் நேரம் ஏணி வைத்துச் சீலிங் திறப்பால் எட்டிப் பாருங்கள், ஒரு பக்கத்தாலும் வெளிச்சம் தெரியாவிட்டால் காற்றுக்கும் வழியில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு வேலைக்குக் காசு அனுப்பும் முன் அந்த வீட்டில் படுப்பவர்களைக் கேளுங்கள். எந்த அறை இரவில் ஆறுகிறது, எந்தப் பக்கத்தால் காற்று வருகிறது என்று அம்மாவுக்குத் தெரியும். மேல்மாடி அறை பெரிது என்று வயதானவர்களைக் கொங்கிறீட்டின் கீழ் படுக்க விடாதீர்கள், பங்குனி முதல் புரட்டாதி வரை கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். வயது போகப் போக உடம்பு வியர்ப்பதும் தாகம் தெரிவதும் குறைந்துவிடும், வெக்கை ஏறுவது அவர்களுக்கே தெரிவதில்லை. தலைச்சுற்று, தடுமாற்றம், பேச்சுக் குழறல் என்றால் வெயில் தணியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். களவுக்குப் பயந்து யன்னலைப் பூட்டிப் படுப்பவர்களும் அவர்கள்தான், அதனால் கம்பிக்கும் நுளம்பு வலைக்கும் செலவழியுங்கள், யன்னல் இரவு முழுக்கத் திறந்திருக்கட்டும்.

கொக்குவில் வீட்டில் பூக்கல்லில் பூசிய சீமெந்தை வரும் கிழமை உடைக்கிறோம், மகன் சம்மதித்துவிட்டார், வலைக்கும் அவரே காசு அனுப்புகிறார். மற்றவர்கள் இந்த வேலைகளைத் தை, மாசியில் செய்யுங்கள். மாரி ஈரம் காய்ந்திருக்கும், பூச்சுப் பிடிக்கும், சித்திரை வெயிலுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். இந்த வருடம் பிந்திவிட்டதென்றால் ஆவணிக் கடைசி உச்சி வெயிலுக்கு முன்னாவது வெள்ளையை அடித்துவிடுங்கள். கூரையில் ஏறும் வேலையாட்களை விடியவே கூப்பிட்டுப் பத்து மணிக்குள் இறக்கிவிடுங்கள், அவர்களுக்கும் அதே வெயில்தான்.